மொரேன் தீவின் ஜனாதிபதியைக் கவிழ்த்தவள்

அந்தப் பேப்பரைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க. அந்தப் பக்கம் இல்ல, கீழ. நகைக்கடை விளம்பரத்துக்கு மேல தீப்பெட்டி அளவுக்கு ஒரு செய்தி இருக்கு பாருங்க. 'மொரேன் தீவின் முன்னாள் ஜனாதிபதி ரெமி வால்கூர் காலமானார்.' படிச்சீங்களா? நாலு வரி போட்டிருக்கான். அவனுக்கு நாலு வரியே ஜாஸ்தி.

அவனை நாற்காலியிலேர்ந்து எறக்கினது நான்தான்.

நீங்க சிரிக்கல, ஆனா சிரிக்கணும்னு தோணுது உங்களுக்கு. தோணட்டும். காரைக்கால் பஸ்ல, கைப்பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற ஒரு கிழவி, ஒரு நாட்டு ஜனாதிபதியைக் கவுத்தேன்னு சொன்னா எனக்கே சிரிப்புத்தான் வரும். ஆனா நடந்தது அதுதான். பஸ்ஸு கடலூரே இன்னும் வரல, உங்களுக்கும் வேற வேலை இல்ல, கேளுங்க.

என் பேரு புனிதவதி. எங்க அப்பா காரைக்கால்ல பிரெஞ்சுக்காரன் காலத்துல கோர்ட்டு குமாஸ்தா. ஊரு இந்தியாவோட சேர்ந்துடுச்சு, அவரு மட்டும் சேரல. வீட்டுல சாப்பாட்டுக்கு உக்காந்தா பிரெஞ்சுலதான் பேசணும், தப்பாப் பேசினா அப்பளம் கிடையாது. அந்த அப்பளத்துக்காகக் கத்துக்கிட்ட பாஷைதான் கடைசி வரைக்கும் எனக்குச் சோறு போட்டுது. டெல்லியில உத்தியோகம் கிடைச்சுது. பிறகு மொரேன் தீவுல நம்ம தூதரகத்துக்கு மொழிபெயர்ப்பாளரா அனுப்பினாங்க.

மொரேன் எங்க இருக்குன்னு கேக்கறீங்களா? கடல்ல இருக்கு. பெரிய தேசப்படத்துல பார்த்தா ஈ உக்காந்த மாதிரி ஒரு புள்ளி. கரும்பும் துறைமுகமும்தான் அங்க எல்லாம். கரும்பு வெட்டப் போன நம்ம ஆளுங்களோட பேரன் பேத்திங்க அங்க நிறைய. பேரு முரூகேன், அப்பாவூ, சுப்பராயேன்னு இருக்கும். பேசறது பிரெஞ்சும் அந்த ஊரு கொச்சையும். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பாங்க, தேவாரம் பாடுவாங்க. அதையும் பிரெஞ்சு எழுத்துல எழுதி வச்சுப் பாடுவாங்க. அர்த்தம் கேட்டா முழிப்பாங்க. பாவம், எத்தனை தலைமுறை ஆச்சு.

எனக்குக் கல்யாணம் ஆகல. அம்மா சீக்கிரமே போயிட்டா. தங்கச்சி சுலோசனாவை வளர்த்தது நான்தான். அவளையும் மொரேனுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். அங்க ரோலோன்னு ஒரு பத்திரிகைக்காரர், ரோலோன் அப்பாவூ, அவளை விரும்பினார், இவளும் விரும்பினா, கோயில்ல தாலி கட்டினாங்க. நல்ல மனுஷன். ஒல்லியா, எப்பவும் மை பட்ட விரலோட இருப்பார். என்னை அக்கான்னு கூப்பிடுவார். அவருக்குத் தெரிஞ்ச தமிழ் அக்கா, சோறு, போதும். மூணே வார்த்தை.

அவர் நடத்தினது சின்னப் பத்திரிகை. வால்கூர் ரெண்டாவது தடவை ஜனாதிபதியா வந்த சமயம். துறைமுகத்தை ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு எழுதிக் குடுக்கப் போறான்னு ரோலோன் எழுதினார். சபையில கேக்காம, மந்திரிகளுக்குக் கூடச் சொல்லாம, அவனே கையெழுத்துப் போடப் போறான்னு எழுதினார். அடுத்த நாளே பிடிச்சு உள்ள போட்டாங்க. ராஜத்துரோகமாம்.

சுலோசனா சோறு தண்ணி இல்லாம கிடந்தா. நான் என்ன பண்ணேன் தெரியுமா? அந்த மாசம் அவங்க தேசிய தின விருந்து. ஜனாதிபதி மாளிகையில. நம்ம தூதர் ரைனாவுக்கு, காஷ்மீர்க்காரர், பிரெஞ்சு வராது. அதனால நான் பின்னாலயே நிப்பேன். ரைனாவும் வால்கூரும் பேசி முடிச்சாங்க. நான் ஒரு எட்டு முன்னால வச்சு, "மேதகு ஜனாதிபதி அவர்களே, என் தங்கை புருஷன் விஷயமா ஒரு வார்த்தை"ன்னு ஆரம்பிச்சேன்.

அவன் கையில வெள்ளை ஒயின் கோப்பை. என்னை மேலேர்ந்து கீழ வரைக்கும் பார்த்தான். சிரிச்சுக்கிட்டே சொன்னான், "மதாம், நீங்க ஒரு குழாய். தண்ணி உங்க வழியா வரும், போகும். குழாய்க்குத் தாகம் எடுக்கக் கூடாது."

சுத்தி நின்னவங்க எல்லாரும் சிரிச்சாங்க. ரைனாவுக்குப் புரியல. எல்லாரும் சிரிக்கறாங்களேன்னு அவரும் சிரிச்சார். "என்ன சொன்னார்?"னு என்கிட்டயே கேட்டார். நான் மொழிபெயர்க்கணும். மொழிபெயர்த்தேன். "விருந்து சிறப்பா இருக்கான்னு கேக்கறார்"னு.

குழாயாம். என்னைப் பார்த்து. சரி, அதை விடுங்க. நான் சொல்ல வந்தது ரோலோன் கதை. தங்கச்சி புருஷனுக்காகத்தான் நான் எல்லாம் பண்ணேன், எனக்காக இல்ல.

ரோலோன் எப்படி வெளிய வந்தார்னா, மன்னிப்பு எழுதிக் குடுத்து. 'நான் எழுதியது பொய், ஜனாதிபதியின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன்'னு அவரோட பத்திரிகையிலயே முதல் பக்கத்துல போடணும்னாங்க. போட்டார். அதோட பத்திரிகையை மூடினார். வீட்டு முன்பக்கம் அடுப்புக் கட்டி ரொட்டி போட ஆரம்பிச்சார். மை பட்ட விரல்ல மாவு. கேட்டா, "ரொட்டி யாரையும் கோவப்படுத்தாது அக்கா"ன்னு பிரெஞ்சுல சொல்லிச் சிரிப்பார். சுலோசனாவும் சிரிப்பா. எனக்குச் சிரிப்பு வராது. இவங்களுக்குப் பதிலா நான்தான் கோவத்தைக் காப்பாத்தி வச்சிருந்தேன். யாராவது ஒருத்தர் வச்சிருக்கணும் இல்லையா?

கடலூர் வந்துடுச்சு. ஜன்னலைச் சாத்துங்க, வெள்ளரிக்காய்க்காரங்க கூடையை உள்ள நீட்டுவாங்க.

ரோலோன் எழுதினது அத்தனையும் நிஜம்னு அடுத்த வருஷமே தெரிஞ்சு போச்சு. துறைமுகத்துல அந்தக் கம்பெனிக் கொடி ஏறிச்சு. கூலிக்காரங்க பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிட்டான். ஊரே கொதிச்சுது. சபையில பதவிநீக்கத் தீர்மானம் கொண்டாந்தாங்க. மூணுல ரெண்டு பங்கு ஓட்டு விழுந்தா ஜனாதிபதி வீட்டுக்குப் போகணும், அது அவங்க சட்டம். வால்கூர் கட்சிக்காரங்க என்ன சொன்னாங்கன்னா, வேண்டாம், வெறும் கண்டனத் தீர்மானம் போடுங்க, அவர் நாற்காலியில இருக்கட்டும், தப்பு பண்ணார்னு மட்டும் எழுதி வைப்போம்னாங்க. எறக்கறதா, கண்டிக்கிறதான்னு அந்தச் சபையில நாற்காலியைத் தூக்கி அடிச்சுக்கிட்டாங்க. நிஜமாத்தான். ஒரு மெம்பருக்குப் பல்லு போச்சு.

கணக்குப் பார்த்தா முடிவு அஞ்சு பேர் கையில இருந்துச்சு. நம்ம வழி ஆளுங்க அஞ்சு பேர். அவங்களுக்குத் தலைவர் அர்முகோம் சுப்பராயேன். எழுபது வயசு, வெள்ளைக் கோட்டு, நெத்தியில மெல்லிசா ஒரு கீத்துத் திருநீறு. அவர் எந்தப் பக்கம் சாய்வார்னு யாருக்கும் தெரியல. கேட்டா, "யோசிக்கிறோம்"னுவார்.

நம்ம தூதரகத்துக்கு இதுல என்ன வேலைன்னு கேப்பீங்க. பக்கத்துக் கடல்ல ஒரு நாடு குழம்பிக் கிடந்தா எல்லாருக்கும் சங்கடம். இன்னொரு பெரிய நாடு வந்து நுழைஞ்சுடும். அதனால ரைனா சமாதானம் பண்ணி வைக்கக் கிளம்பினார். நல்ல ராஜதந்திரி, அதை நான் மறுக்கல. கத்த மாட்டார். காலையில ஒருத்தர் வீட்டுல டீ, மத்தியானம் இன்னொருத்தர் வீட்டுல சாப்பாடு, சாயங்காலம் சபாநாயகரோட கடற்கரையில நடை. எல்லா இடத்துக்கும் நான். என் வாய் வழியாத்தான் அந்தச் சமாதானமே நடந்துச்சு.

கடைசியில ஒரு ஏற்பாட்டுக்குக் கொண்டாந்தார். வால்கூர் சபைக்கு வந்து எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கணும். துறைமுக ஒப்பந்தம் ரத்து. அதுக்குப் பதிலா பதவிநீக்கம் கிடையாது, கண்டனம் மட்டும். அப்புறம் இன்னும் ஒண்ணு. பத்திரிகைக்காரங்க மேல போட்ட வழக்கெல்லாம் வாபஸ், வற்புறுத்தி வாங்கின மன்னிப்பெல்லாம் செல்லாதுன்னு அரசாங்கமே அறிவிக்கணும். அந்த ஒண்ணை ரைனா எனக்காகத்தான் சேர்த்தாராம். அன்னிக்குக் கார்ல போகும்போது சொன்னார், "மிஸ் புனிதவதி, உங்க வீட்டு விஷயம் எனக்குத் தெரியும். முடிஞ்சதைப் பண்றேன்."

நன்றின்னு சொன்னேன். மனசுக்குள்ள என்ன நினைச்சேன் தெரியுமா? இவன் மன்னிப்புக் கேட்டுட்டு மறுபடி அதே மாளிகையில போய்க் கோப்பையைக் கையில பிடிச்சுக்கிட்டு நிப்பானா? நான் மறுபடி பின்னால நிக்கணுமா? அதுக்கா நான் காத்துக்கிட்டு இருந்தேன்?

அந்த ஏற்பாட்டுக்கு வால்கூரைச் சம்மதிக்க வைக்கப் போனோம். அவன் அலுவலகத்துல நாங்க மூணே பேர். எல்லாத்தையும் கேட்டுட்டு அவன் சொன்னான், "சரி, பண்றேன். அந்த அஞ்சு பேரை நீங்க பார்த்துக்கோங்க. உங்க ஊர்க்காரனுங்கதானே. கோயில் மாடுங்க. ஒரு கட்டுப் புல்லைக் காட்டினா கொட்டகைக்குத் திரும்பிடுவானுங்க."

நான் இங்கிலீஷ்ல ரைனாவுக்குச் சொன்னேன். "அந்த அஞ்சு பேரை நீங்க பேசிச் சம்மதிக்க வைக்க முடியும்னு ஜனாதிபதி நம்பறார்." அப்படித்தான் சொல்லணும், அதுதான் எங்க தொழில். முள்ளை எடுத்துட்டு மீனைக் குடுக்கணும். ஆனா அந்த முள்ளை நான் தூக்கிப் போடல. எடுத்து வச்சுக்கிட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு சுப்பராயேனை ரைனா தன் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். மேஜைக்கு அந்தப் பக்கம் ரைனா, இந்தப் பக்கம் பெரியவர், அவர் பக்கத்துல நான். பெரியவர் நல்லாச் சாப்பிட்டார். அவியல்ல முருங்கைக்காயைத் தனியா எடுத்து வச்சு ஒண்ணொண்ணாச் சப்பினார். ரைனா ஏற்பாட்டையெல்லாம் விளக்கினார். பெரியவர் தலையை ஆட்டிக்கிட்டே இருந்தார். கடைசியில ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எங்களைப் பத்தி ஜனாதிபதி என்ன நினைக்கிறார்?"

ரைனா சொன்னார், "உங்க மேல அவருக்கு மிகுந்த மரியாதை."

நான் அதை அப்படியே பிரெஞ்சுல சொன்னேன். ஒரு எழுத்துப் பிசகாம. சொல்லி முடிச்சு, அதே மூச்சுல, அதே குரல்ல, பாயசக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்திக்கிட்டே, தமிழ்ல சொன்னேன். "நம்பாதீங்க. உங்களைக் கோயில் மாடுன்னு சொன்னான்."

ரைனாவுக்குத் தமிழ் தெரியாது. ஏதோ உபசாரம்னு நினைச்சுக்கிட்டார்.

பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கையைக் கூப்பினார். "சரி, சரி. ரொம்ப சந்தோஷம். வணக்கம்"னு தமிழ்ல சொன்னார். சொல்லிட்டுப் பாயசம் குடிச்சார். முகத்துல ஒரு சுளிப்பு உண்டா? கிடையாது. நான் அசந்து போயிட்டேன். எப்பேர்ப்பட்ட ஆளு பாருங்க. அவ்வளவு பெரிய அடியை வாங்கிக்கிட்டு, ரைனா முன்னாடி காட்டிக்காம, வணக்கம்னு சொல்றார். நான் எத்தனையோ ராஜதந்திரிகளைப் பார்த்திருக்கேன், இது மாதிரி ஒருத்தரைப் பார்த்ததில்ல.

ஓட்டெடுப்பு அந்த வாரமே. சபையில மேல பார்வையாளர் வரிசையில ரைனாவுக்குப் பக்கத்துல உக்காந்து காதுல மொழிபெயர்த்துக்கிட்டு இருந்தேன். ஏற்பாட்டின்படி வால்கூர் எழுந்து மன்னிப்புப் படிச்சான். பிறகு சுப்பராயேன் எழுந்தார். துறைமுகத்துல வேலை போன கூலிக்காரங்களைப் பத்தியே பேசினார். ஒவ்வொரு குடும்பமா பேரு சொல்லிப் பேசினார். "இவங்க வாசல்ல போய் நான் என்ன பதில் சொல்லுவேன்? மன்னிப்பு அடுப்புல எரியாது"ன்னார். அஞ்சு பேரும் பதவிநீக்கத்துக்குக் கையைத் தூக்கினாங்க.

ரைனா முகம் செத்துப் போச்சு. எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வுன்னு இருந்துச்சு. கோயில் மாடுன்னு ஒரு வார்த்தை அவர் பேச்சுல வந்துச்சா? வரல. அதுதான் ராஜதந்திரம். என்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு கூலிக்காரங்க மேல போட்டுப் பேசினார்.

வால்கூர் வெளிய போறப்ப நான் படிக்கட்டுல வந்து நின்னேன். வேணும்னே நின்னேன். அவன் கண்ணு என் மேல பட்டுச்சு. பட்டுது, போச்சு. என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கல. அவ்வளவு பயம் அவனுக்கு.

அங்கேர்ந்து நேரா தங்கச்சி வீட்டுக்குத்தான் போனேன். ரோலோன் ரேடியோவைக் கேட்டுக்கிட்டே மாவு பிசைஞ்சுக்கிட்டு இருந்தார். "ஏற்பாடு போச்சு அக்கா"ன்னார். குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது, அந்த மன்னிப்பு செல்லாதுன்னு அரசாங்கம் அறிவிக்கப் போகுதுங்கறது அவர் காதுக்கும் வந்திருக்கு. ரைனாவோட செயலாளர் சொல்லியிருக்கான். மனுஷன் அதையே நினைச்சுக்கிட்டு இருந்திருக்கார். ஏற்பாடு முறிஞ்சதுமே அதுவும் முறிஞ்சு போச்சு.

"அது கெடக்கட்டும், அவனையே கவுத்தாச்சு. கவுத்தது யாரு தெரியுமா?"ன்னு சொல்லி நடந்ததை எல்லாம் சொன்னேன். சுலோசனா பாத்திரத்தைக் கீழ வச்சா.

"அக்கா, இவர் பேரு சுத்தமாகப் போறது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா சொன்ன?"

"உங்களுக்காகத்தான்டி சொன்னேன்."

"நாங்க கேட்டமா?"

ரோலோன் அவ தோள்ல கை வச்சார். அவருக்குத் தமிழ் புரியலைனாலும் விஷயம் புரிஞ்சுது. அன்னிக்கு எனக்கு ஒரு வாய் காப்பி கூடக் குடுக்கல அவ.

ரெண்டு மூணு வாரம் பேச்சு இல்ல. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில நானே போனேன். பார்த்தா, கடை வாசல்ல சுப்பராயேன் நிக்கிறார், ரொட்டி வாங்க வந்திருக்கார். என்னைப் பார்த்ததும் பெரிய கும்பிடு. ரோலோன்கிட்டப் பிரெஞ்சுல சொல்றார், "உங்க அக்கா அன்னிக்கு விருந்துல எனக்குத் தமிழ்ல ஏதோ ஆசீர்வாதம் பண்ணாங்க. எனக்குத் தெரிஞ்ச தமிழ் பாட்டுலதான். ஒண்ணும் புரியல. ஆனா கேக்க நல்லா இருந்துச்சு. சங்கடமாவும் இருந்துச்சு, ஏன்னா நாங்க அஞ்சு பேரும் அதுக்கு முந்தின வாரமே துறைமுகத்துக்காரங்களுக்கு வாக்குக் குடுத்துட்டோம். தூதர் மனசு நோகக் கூடாதேன்னு சாப்பிட்டுட்டு வந்தேன்."

சொல்லிட்டு ரொட்டியைக் கக்கத்துல வச்சுக்கிட்டுப் போயிட்டார்.

சுலோசனா என்னைப் பார்த்தா. அவ கண்ணுல தண்ணி. ஓடி வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "அக்கா, நீ பண்ணல. உன்னால ஒண்ணும் ஆகல. அவங்க முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க"ன்னா. சிரிக்கிறா, அழறா. ரோலோனும், "போதும், போதும்"னு தமிழ்ல சொல்லிக்கிட்டுச் சிரிக்கிறார்.

நான் கையை இழுத்துக்கிட்டேன்.

என்னால ஒண்ணும் ஆகலையா? அந்தப் பெரியவர் என்னைக் காப்பாத்தறதுக்காகப் பொய் சொல்லிட்டுப் போறார், இது கூடத் தெரியாம இவங்க கும்மாளம் போடறாங்க. விஷயம் வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும்னு அவருக்குத் தெரியும். அதான் நடுத்தெருவுல சத்தமா, எல்லார் காதுலயும் விழற மாதிரி, புரியலன்னு சொன்னார். "நான்தான்டி பண்ணேன். நான் சொன்ன வார்த்தைதான்"னேன். சுலோசனா முகம் அப்படியே மாறிப் போச்சு. "அப்படின்னு நினைச்சுக்கறது உனக்கு அவ்வளவு முக்கியமா அக்கா?"ன்னு கேட்டா. ரொம்ப மெதுவாக் கேட்டா.

ஆமா, முக்கியம்தான். என்னை என்னன்னு நினைச்சாங்க, குழாய்னா? தண்ணி வந்துச்சு, போச்சு, அவ்வளவுதானா நான்?

சிதம்பரம் தாண்டிட்டோமா? காத்து மாறிடுச்சு பாருங்க.

வால்கூர் அப்ப வெளிநாட்டுக்குப் போகல, ஊர்லயே ஒரு பங்களாவுல இருந்தான். நாய் வளர்த்துக்கிட்டு, சாயங்காலம் டென்னிஸ் ஆடிக்கிட்டு. நாற்காலி போனா மட்டும் போதுமா? அவனைக் கூண்டுல ஏத்தணும்னு எனக்கு. புது அரசாங்கம் ஒரு விசாரணைக் கமிஷன் போட்டுது. பாதிக்கப்பட்டவங்க வந்து சாட்சி சொல்லலாம்னு. ரோலோன் போகமாட்டேன்னுட்டார். "அதெல்லாம் முடிஞ்சு போச்சு அக்கா, எனக்கு ரொட்டி போதும்"னார். இந்தப் 'போதும்'ங்கிற வார்த்தையை ஏன்தான் சுலோசனா அவருக்குச் சொல்லிக் குடுத்தாளோ.

கமிஷன்ல இருந்த ஒரு அம்மா எனக்குப் பழக்கம். அவங்ககிட்ட ரோலோன் பேரைச் சொல்லிட்டேன். சம்மன் போச்சு. சம்மன் வந்தா போகாம இருக்க முடியாது.

விசாரணையை ரேடியோவுல போட்டாங்க. ஊரே கேட்டுச்சு. ரோலோன் நல்லாத்தான் ஆரம்பிச்சார். துறைமுக விஷயம் தனக்கு எப்படித் தெரிஞ்சுது, எப்படி எழுதினார், எப்படிப் பிடிச்சாங்க, எல்லாம் தெளிவாச் சொன்னார். அப்புறம் வால்கூரோட வக்கீல் எழுந்தான். அந்தப் பழைய மன்னிப்பை எடுத்து நீட்டினான். "இது நீங்க எழுதினதுதானே? செல்லாதுன்னு யாரும் சொல்லலையே? அப்ப இது இன்னிக்கும் உங்க வாக்குமூலம்தானே? கமிஷனுக்குப் படிச்சுக் காட்டுங்க"ன்னான். படிச்சுத்தான் ஆகணும்னு நீதிபதியும் சொல்லிட்டார்.

படிச்சார். 'ஜனாதிபதியின் காலில் விழுந்து'ங்கிற இடத்துல நின்னுட்டார். திரும்பவும் முதல்லேர்ந்து படிங்கன்னான் வக்கீல். திரும்பவும் படிச்சார்.

நான் தூதரகத்துல கேட்டுக்கிட்டு இருந்தேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். அந்த வக்கீல் மேல எனக்கு வந்த ஆத்திரம், சொல்லி முடியாது.

வால்கூரை ஒண்ணும் பண்ணல. ஆதாரம் போதாதுன்னு விட்டுட்டாங்க. ரோலோன் அன்னிக்கு அடுப்புப் பத்த வைக்கல, மறுநாளும் வைக்கல. நான் போனப்ப கதவைத் திறந்தது சுலோசனா. உள்ள விடல. நிலைப்படியில நின்னுக்கிட்டே சொன்னா.

"அவரை அந்த ஆளு ஒரு தடவைதான் மண்டி போட வச்சான். அதுவும் ஜெயில்ல, வெறும் காகிதத்துல. நீ ஊரையே கூட்டி வச்சு ரெண்டாவது தடவை போட வச்ச."

நான் சொன்னேன், "அது வக்கீல் பண்ணது."

கதவைச் சாத்திட்டா. அந்த மாசக் கடைசியிலயே ரெண்டு பேரும் தீவை விட்டுக் கிளம்பி, காரைக்கால்ல எங்க அப்பா வீட்டுக்கு வந்துட்டாங்க. அதுவும் எனக்கு வேற ஆளு சொல்லித்தான் தெரியும். அதுக்கப்புறம் எனக்கும் மாத்தல், வேற நாடு, வேற நாடு. ரைனா போகும்போது என் கோப்புல நல்ல வார்த்தைதான் எழுதிட்டுப் போனார். அவருக்குக் கடைசி வரைக்கும் ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சிருந்தா என்னை மதிச்சிருப்பார்.

ரிட்டயர் ஆகிப் பாண்டியில தங்கிட்டேன். காரைக்காலுக்குக் காலையில பஸ் ஏறினா மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிடலாம். பன்னிரண்டு வருஷமாப் போகல. ஃபோன் பண்ணா எடுக்க மாட்டா. ஒரு தடவை ரோலோன் எடுத்தார். "அக்கா"ன்னார். பிறகு அவ வாங்கி வச்சுட்டா. காரைக்கால்லயும் ரொட்டிதான் போடறாராம், கோயில் தெருவுல. நல்லா ஓடுதாம். தமிழ் நல்லாப் பேசறாராம் இப்ப.

நேத்து ரேடியோவுல பிரெஞ்சுச் செய்தி கேட்டுக்கிட்டு இருந்தேன், வால்கூர் செத்துட்டான்னு சொன்னான். தூக்கத்துலயே போயிட்டானாம், எண்பத்தாறு வயசு, பேரப்பிள்ளைங்க சுத்தி நின்னாங்களாம். அது ஒண்ணுதான் எனக்கு உறுத்தல். ஆனா செத்தான் இல்ல? நாங்க இருக்கோம், அவன் போயிட்டான். உடனே கிளம்பிட்டேன். இதை ஃபோன்ல சொல்லக் கூடாது. நேர்ல போய்ச் சொல்லணும், அவ முகத்தைப் பார்க்கணும். பை நிறையப் பாதுஷா வாங்கியிருக்கேன், ரோலோனுக்குப் பிடிக்கும். வாசல்ல நின்னு முதல் வார்த்தையே அதுதான் சொல்லப் போறேன், "சுலோ, அவன் செத்துட்டான்டி"ன்னு.

ஏன் வெளிய பார்க்கறீங்க? நான் தப்பா ஏதாவது சொல்லிட்டேனா?

தரங்கம்பாடி வந்துடுச்சு. இனிமே கொஞ்ச நேரம்தான்.

நீங்களும் காரைக்கால்லதானே எறங்கறீங்க? அவசர வேலை ஒண்ணும் இல்லையே? கோயில் தெரு பஸ் ஸ்டாண்டுலேர்ந்து பக்கம்தான், நடந்தே போயிடலாம். என்கூட வாசல் வரைக்கும் வர்றீங்களா? நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். பக்கத்துல சும்மா நின்னா போதும். வெளி ஆளு முன்னாடி அவ கதவைச் சாத்த மாட்டா.